மூன்று மணி பதின்மூன்று நிமிடம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையுச்சியில் முடிகிறது அப்பலாச்சியன் பாதை. 14 மாநிலங்கள், ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். வழிகாட்டி என்று இருப்பது மரங்களிலும் பாறைகளிலும் தீட்டிய வெள்ளைப் பட்டைகள்தான். இரண்டங்குல அகலம், ஆறங்குல நீளம். ஒரு பட்டையைக் கடந்ததும் கண் அடுத்ததைத் தேட வேண்டும். முழுப் பாதையையும் ஒரே பயணமாக முடிக்க நடப்பவர்களுக்குப் பொதுவாக ஐந்து முதல் ஏழு மாதம் பிடிக்கும்.

2011ஆம் ஆண்டு ஜெனிஃபர் ஃபார் டேவிஸ் இதை 46 நாள் 11 மணி 20 நிமிடத்தில் முடித்தார். 2015இல் ஸ்காட் ஜூரெக் 46 நாள் 8 மணி 7 நிமிடத்தில் முடித்துச் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றினார். வித்தியாசம் 3 மணி 13 நிமிடம். ஒன்றரை மாத உழைப்பில் இது ஒரு பகல் தூக்கத்தின் அளவு. இவ்வளவு நெருங்கி முடிந்த இரண்டு பயணங்களும் தொடங்கிய விதத்தில் எதிரும் புதிருமானவை. அதனால்தான் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

நடையும் ஓட்டமும்

ஜூரெக் தொழில்முறை நெடுந்தூர ஓட்டக்காரர். கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் நூறு மைல் பந்தயத்தில் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை முதலிடம் பெற்றவர். அப்பலாச்சியனுக்கு வந்தபோது அவருக்கு 41 வயது. டேவிஸ் பந்தயக்காரர் அல்லர். கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு 2005இல், 21 வயதில், முதன்முறையாக இப்பாதையை நடந்தவர். 2008இல் 57 நாளில் முடித்துப் பெண்களுக்கான சாதனையைப் படைத்தார். அடுத்து ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவான சாதனையையே குறிவைத்தார். அதையும் ஓடி அல்ல, நடந்தே.

நடந்து எப்படி முடியும்? கணக்கு எளிது. அவர் ஒரு நாளைக்குக் கடந்தது சராசரியாக 47 மைல், அதாவது சுமார் 75 கிலோமீட்டர். இருட்டு விலகுமுன் கிளம்பி நாளுக்குப் பதினாறு மணி நேரம் நடந்தார். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர்கூட வரவில்லை. பேருந்தைப் பிடிக்கும் அவசரம் இல்லாதவர் தெருவில் போகும் வேகம் அது. ஆனால் அது தார்ச்சாலையில் வைத்த நடை அல்ல. இப்பாதையில் ஏறும் உயரத்தை எல்லாம் கூட்டினால் கடல் மட்டத்திலிருந்து எவரெஸ்ட்டைப் பதினாறு முறை ஏறியதற்குச் சமம். வேரிலும் வழுக்குப் பாறையிலும் அதே வேகத்தை 46 நாள் விடாமல் காப்பதுதான் சாதனை.

ஜூரெக் ஓடினார். முதல் வாரத்திலேயே முழங்கால் வலித்தது. அடுத்து மற்றொரு காலில் தொடைத்தசை கிழிந்தது. ஓட முடியவில்லை, வேறு வழியின்றிச் சில நாள் நடந்தார். அந்த நடையிலேயே கால் தேறியது. பேர்பெற்ற ஓட்டக்காரரைப் பாதை முதல் வாரத்திலேயே நடக்க வைத்துவிட்டது.

தெற்கும் வடக்கும்

டேவிஸ் வடக்கிலிருந்து தெற்கே வந்தார். ஜூரெக் தெற்கிலிருந்து வடக்கே போனார். கேட்க அற்பமாகத் தோன்றும் இந்த வேறுபாடுதான் இரு பயணங்களின் விதியையும் தீர்மானித்தது. பாதையின் கடினமான பகுதிகள் வடக்கே நியூ ஹாம்ப்ஷையரின் வெள்ளை மலைகளிலும் தெற்கு மெய்னிலும் இருக்கின்றன. அங்கே மஹூசக் நாட்ச் என்று ஓர் இடம். ஒரு மைல் நீளத்துக்கு, வீட்டளவுப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். கையை ஊன்றித் தாவ வேண்டும். சில இடுக்குகளில் முதுகுப்பையைக் கழற்றி முன்னால் தள்ளிவிட்டு வயிற்றால் ஊர வேண்டும்.

டேவிஸ் இதையெல்லாம் தெம்பு இருக்கும்போதே சந்தித்தார். ஆனாலும் சிரமம் குறையவில்லை. முன்னங்கால் எலும்போரம் தாங்க முடியாத வலி, ஜூன் மாதத்திலும் உடலை விறைக்க வைத்த பனிமழை, அதற்குமேல் வயிற்றுப்போக்கு. விட்டுவிடுகிறேன் என்று கணவர் புரூவிடம் சொன்னார். விடுவதானால் விடலாம், ஆனால் இப்போதே வேண்டாம் என்று சொல்லிச் சாப்பிட வைத்து அனுப்பினார் அவர். அந்தத் தடையைத் தாண்டியபின் பாதை தெற்கு நோக்கி இளகிக்கொண்டே போனது.

ஜூரெக்குக்கு அதே பாறைகள் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் காத்திருந்தன. வெர்மான்ட்டில் விடாத மழை. சேற்றில் கால் புதைந்து, கையிலிருந்த நேரமெல்லாம் கரைந்தது. கடைசி நாள்களில் இரவுக்கு ஓரிரு மணி நேரமே உறங்கி மெய்னைக் கடந்தார். டேவிஸ் முதலிலேயே கொடுத்த விலையை இவர் முடிவில் வட்டியோடு கொடுத்தார்.

சாலையோரத்து வேன்

ஓர் இடத்தில் மட்டும் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். இரண்டுமே துணையோடு செய்த சாதனைகள். உணவைத் தானே சுமந்து தனியாகப் போகிறவர்களின் கணக்கு வேறு. புரூ டேவிஸும் ஜூரெக்கின் மனைவி ஜென்னியும் பாதை சாலையைக் குறுக்கிடும் இடங்களுக்கெல்லாம் வண்டியை ஓட்டிச் சென்று காத்திருந்தார்கள். வழி தெரியாத காட்டுச் சாலை, தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. உணவு, உலர்ந்த காலுறை, சில நிமிட இளைப்பாறல், பிறகு அடுத்த இடம். சாதனைப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் ஓட்டிய தூரத்தை யாரும் அளக்கவுமில்லை.

முடிவு மட்டும் இருவருக்கும் இரு விதம். டேவிஸ் ஸ்பிரிங்கர் மலையில் சிலர் சூழ அமைதியாக முடித்தார். ஜூரெக் இருக்கும் இடத்தை நேரலையாகக் காட்டும் கருவி இருந்ததால் கட்டாடினில் கூட்டம் சேர்ந்தது. உச்சியில் ஷாம்பெய்ன் பொங்கியது. பொது இடத்தில் மது அருந்தியதற்காக அவர் 500 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. மலைக்குச் சாதனையாளரும் மற்றவரும் ஒன்றுதான்.

இவர்களில் யார் பெரியவர் என்று கேட்டால், கடிகாரம் ஜூரெக்கைச் சொல்லும். முறையைக் கேட்டால் நான் டேவிஸைத்தான் சொல்வேன். கடினமானதை முதலில் முடிப்பது, வேகத்தைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுவது என்ற இரண்டையும் அவர் கணக்குப் போட்டுச் செய்தார். பின்னால் வந்தவர்களில் 2016இல் கார்ல் மெல்ட்சர் தெற்கு நோக்கியும், 2018இல் பெல்ஜியத்தின் கரெல் சாபே வடக்கு நோக்கியும் நேரத்தைக் குறைத்தார்கள். 2024 செப்டம்பரில் அது 40 நாள் 18 மணிக்கு இறங்கியது. அதைச் செய்த டாரா டவர் ஒரு பெண். வந்த திசை வடக்கிலிருந்து தெற்கு.