வானிலிருந்து தேடிய கோட்டை: ஜொகூர் ஆற்றுவெளியும் செயற்கைக்கோள் வரைபடங்களும்

2005ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள், ஜொகூர்க் காட்டுக்குள் ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய நகரம் ஒன்று புதைந்து கிடக்கலாம் என்னும் செய்தியை 'தி ஸ்டார்' நாளேடு முதற்பக்கத்தில் வெளியிட்டது. அந்நகரின் பெயர் கோத்தா கெலாங்கி. அவ்வாண்டு ஜூன் திங்களில் 'கூகுள் எர்த்' பொதுமக்களின் கணினிக்கு இலவசமாக வந்து சேர்ந்தது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. எனினும், அதுவரை நில அளவைத் துறையினரும் படைத்துறையினரும் மட்டுமே கண்டிருந்த மேனோக்குக் காட்சி தமிழாசிரியர் ஒருவரின் மேசைக்கும் எட்டியபோது, அவர் முதலில் தேடிப் பார்த்த இடங்களுள் ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதியும் ஒன்றாக அமைந்தது. நாமும் அவ்வாறு தேடியவர்களே. அத்தேடல் நமக்குக் காட்டியது என்ன, காட்டாதது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோத்தா கெலாங்கி தமிழரை ஈர்த்ததற்குக் காரணம் உண்டு. 'செஜாரா மெலாயு' எனப்படும் மலாய் வரலாற்று நூலின் தொடக்கப் பகுதியில், கெலிங் நாட்டு மன்னன் ஒருவன் பெரும்படையுடன் கிழக்கு நோக்கிப் புறப்படுகிறான். பேராப் பகுதியின் டிண்டிங்கையொட்டிய கங்கா நகரத்தை வென்று, பின்னர் ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கெலாங்கியைத் தாக்கி அதன் அரசனைக் கொல்கிறான். அம்மன்னனின் பெயர் சுவடிக்குச் சுவடி சூரான், சூலான் என வேறுபடுகின்றது. இவ்வொலிகளில் 'சோழன்' என்னும் சொல்லின் எதிரொலியையும், அப்படையெடுப்பில் முதலாம் இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பின் மங்கிய நினைவையும் கண்டவர் பலர். கெலாங்கி என்னும் பெயருக்கு 'மணிகளின் கருவூலம்' என்று நூலே பொருள் கூறுகிறது. அங்கிருந்த கருங்கற் கோட்டை இன்றும் நிற்கிறது என்றும் குறிப்பிடுகிறது.

அந்த 'இன்றும்' என்னும் சொல்லே நம் கவனத்துக்குரியது. இந்நூல் 1612ஆம் ஆண்டையொட்டி, ஜொகூர் அரசவையில், பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங்கின் பெயரோடு இணைந்து உருப்பெற்றது. அவ்வரசவை அப்போது ஜொகூர் ஆற்றங்கரையில் பத்து சவாரில் இருந்தது. ஆகவே ஆற்றின் மேற்பகுதியில் ஒரு கோட்டை இருப்பதாக எழுதியவர், தொலைவான நாடொன்றைப் பற்றிக் கதை கூறவில்லை. தம் வீட்டு வாசலில் ஓடும் ஆற்றைப் பற்றியே கூறினார். கண்ணாடிப் பேழையில் அமர்ந்து கடலடிக்குச் செல்லும் மன்னனைப் பற்றிய பகுதியும் இதே நூலில்தான் உள்ளது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் கதைக்கு நடுவே வரும் இடக்குறிப்பு, கதை போன்றே புனைவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

மறுபக்கம் கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயிலிலுள்ள இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ஸ்ரீவிசயம் முதல் கடாரம் ஈறாகப் பதின்மூன்று இடங்களை அடுக்குகிறது. கடாரம் கெடாவென்பதும், இலங்காசோகம் லங்காசுக்காவென்பதும், நக்கவாரம் நிக்கோபார்த் தீவுகளென்பதும் பெரும்பாலோர் ஏற்ற கருத்துகள். 1918இல் ஜார்ஜ் சேடேஸ் ஸ்ரீவிசயத்தைப் பேரரசாக அடையாளங் கண்ட பின்னர் இப்பட்டியல் பன்முறை ஆராயப்பட்டுள்ளது. எனினும் பதின்மூன்றில் ஒன்றைக்கூட ஜொகூர் ஆற்றுத் தலைப்பகுதியோடு அறிஞர்கள் ஒருமித்துப் பொருத்தவில்லை. கல்வெட்டு கூறாததை மலாய் நூல் கூறுகிறது. மலாய் நூல் கூறுவதை மண் இன்னும் கூறவில்லை. சோழர் ஜொகூருக்கு வந்தனர் என்று பள்ளிமேடைகளில் முழங்குவோர் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றனர். அது நம் மாணவருக்கு நாம் செய்யும் நன்மையன்று.

இக்கோட்டையைத் தேடியவர் முன்னரும் இருந்தனர். ஆங்கிலேய அலுவலர் ஹெர்வி, செம்புரோங் ஆற்றுப் பயணம் பற்றிய தம் குறிப்புகளை 1881இல் வெளியிட்டபோது கோத்தா கெலாங்கியைப் பற்றியும் எழுதினார். ஜொகூரில் பணியாற்றிய ஜெரால்டு கார்ட்னர் ஆற்றங்கரைகளில் திரட்டிய பழம் மணிகளைப் பற்றி 1937இல் கட்டுரை வரைந்தார். அம்மணிகள் ரோமப் பேரரசுடனான தொடர்பைக் காட்டுவன என்பது அவர் முடிபு. (பிற்காலத்தில் இங்கிலாந்தில் மந்திரவாத சமயம் ஒன்றைத் தோற்றுவித்தவரும் இவரே. ஜொகூர் ஆறு எத்தகையோரையெல்லாம் ஈர்த்திருக்கிறது என்பதற்கு இதுவும் சான்று.) பின்னர் ராய்மி சே ரோஸ் என்னும் ஆய்வாளர், அரச ஆசியக் கழக மலேசியக் கிளையின் 2004ஆம் ஆண்டு ஆய்விதழில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மலாய்ச் சுவடிகளையும் பிற எழுத்துச் சான்றுகளையும் ஒப்பிட்டு, வான்வழி நிழற்படங்களையும் துணைக்கொண்டு, நகரம் இருந்திருக்கக்கூடிய இடத்தை அவர் முன்மொழிந்தார். 2005இல் எழுந்த பரபரப்பு இக்கட்டுரையின் விளைவேயாகும். அவ்வாண்டு ஜூலையில் அரசு அமர்த்திய குழுவினர் லிங்கியூ பகுதியில் ஒரு மாதம் ஆய்ந்தனர். நகரின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை என 2006 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. நகரமே இல்லை என்று தாம் அறுதியிட்டு மறுக்கவில்லை, அதுவரையிலான ஆய்வில் சான்று கிட்டவில்லை என்பதே தம் நிலை என்ற விளக்கமும் பின்னர் அவர்களிடமிருந்து வந்தது. நாளேடுகள் முதற்செய்திக்குக் கொடுத்த இடத்தை இவ்விளக்கத்துக்குக் கொடுக்கவில்லை.

இனி வானிலிருந்து காண்பது பற்றி. வான்வழித் தொல்லியல் முதலில் வளர்ந்தது இங்கிலாந்தின் திறந்த வயல்வெளிகளில். புதைந்த சுவரின்மேல் பயிர் வெளிறும். தூர்ந்த அகழியின்மேல் செழிக்கும். அந்த நிறவேறுபாடு மேலிருந்து பார்ப்பவருக்குக் கோடுகளாகப் புலப்படும். தமிழகத்திலும் மேனோக்குக் காட்சி பயன்தரும் இடங்கள் உள. கங்கைகொண்ட சோழபுரத்தருகே இராசேந்திரன் வெட்டிய சோழகங்கத்தின் நெடுங்கரையை எவரும் இன்று திரையில் கண்டு மகிழலாம். ஆனால் அது மரமடராத சமவெளி. ஜொகூரின் மேலாற்றுப் பகுதியோ மழைக்காடு. செயற்கைக்கோளின் ஒளிப்படக் கருவி காட்டின் கூரையை மட்டுமே காண்கிறது. அதன்கீழ் கருங்கற் கோட்டை இருப்பினும் காட்டாது, இல்லையெனினும் சொல்லாது. 2012இல் கம்போடியாவின் அங்கோர்ப் பகுதியில் நிகழ்த்திய லைடார் ஆய்வு இத்தடையைக் கடந்தது. வானூர்தியிலிருந்து லேசர்க் கதிர்களைப் பாய்ச்சி, இலைகளின் இடைவெளி வழியே தரையைத் தொட்டுத் திரும்பும் கதிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டின்கீழ் இருந்த தெருக்களையும் கால்வாய்களையும் வரைந்தனர். நம் மேசையிலுள்ள வரைபடத்தால் அது இயலாது.

மற்றொரு தடையும் உண்டு. 1995இல் நிறைவுற்ற லிங்கியூ அணை, மேலாற்றுப் பள்ளத்தாக்குகள் சிலவற்றை நீருக்குள் ஆழ்த்திவிட்டது. திரையில் அந்நீர்த்தேக்கம் கிளைவிட்ட மான்கொம்பு போல் விரிகிறது. 2016இல் அதன் நீர்மட்டம் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

அப்படியானால் ஆர்வலர் பலர் திரையில் கண்டு வியந்த சதுரங்களும் நேர்கோடுகளும் வட்ட அரண்களும் யாவை? நாம் பொறுமையுடன் உருப்பெருக்கிப் பார்த்தபோது விடை எளிதாகவே கிட்டியது. குன்றுகளைச் சுற்றி வளையம் வளையமாகச் செல்வன செம்பனை நடுவதற்கு வெட்டிய படிவரிசைகள். கோட்டை மதில் போல் நேராக ஓடுவன தோட்டத்துச் செம்மண் சாலைகள். அகழி போல் தோன்றுவன வடிகால்கள். சதுரக் குளங்கள் செம்பனை ஆலையின் கழிவுநீர்த் தேக்கங்கள். சோழரின் கைவேலையைத் தேடிப் போன நாம் கண்டது தோட்டத் தொழிலாளரின் கைவேலையை. அவருள் கணிசமானோர் நம் பாட்டன் பூட்டனாரே.

இவ்விடத்தில் நம் தேடல் திசைமாறியது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. 1909இல் இருப்புப்பாதை ஜொகூரை ஊடறுத்து முடிந்த பின்னர், குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் எனப் பாதை நெடுகிலும் கித்தாத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் தமிழர் குடியேறினர். லயங்கள், கோயில், பள்ளி, பிரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை என ஒவ்வொரு தோட்டமும் ஒரு சிற்றூராயிற்று. பின்னர் துண்டாடலும், கித்தாவுக்கு மாற்றாகச் செம்பனையும், அயல்நாட்டுத் தொழிலாளரும், வீடமைப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2006இல் தொடங்கியபோது இஸ்கந்தர் மேம்பாட்டு மண்டலத்தின் பரப்பு 2,217 சதுர கிலோமீட்டராக இருந்தது; தோட்ட நிலங்களும் அதனுள் அடங்கின. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட நகரொன்று மறைந்ததை எண்ணி ஏங்கிய நம் கண்முன்னரே, ஒரு தலைமுறைக்குள் ஊர்கள் பல மறைந்தன. அவை மறைந்ததை எந்த நாளேடும் முதற்பக்கத்தில் எழுதவில்லை.

இம்மறைவைக் காணச் செயற்கைக்கோள் வரைபடம் தக்க கருவி. 2009இல் கூகுள் எர்த்தில் பழைய படங்களை ஆண்டுவாரியாகப் புரட்டும் வசதி வந்தது. ஸ்கூடாய் அருகேயுள்ள முத்தியாரா ரினியை எடுத்துக்கொள்வோம். இன்று அது நெருங்கிய வீட்டு வரிசைகளும் கடைத்தொகுதிகளும் கொண்ட நகர்ப்புறம். அங்குள்ள தமிழ்ப்பள்ளியின் பெயரோ ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி. சுற்றிலும் தோட்டம் இல்லை. பெயரில் மட்டும் தோட்டம் உள்ளது. இவ்வாறு 'லாடாங்' என்னும் முன்னொட்டைத் தாங்கிக்கொண்டு நகருக்குள் நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் வெறும் பெயர்ப்பலகைகள் அல்ல. ஊர்ப்பெயர் ஆய்வாளருக்கு அவை கல்வெட்டுகள். பள்ளியின் பெயரையும் பழைய படத்தையும் அருகருகே வைத்தால், பெயர் பிறந்த நிலத்தை மாணவரே கண்டறிவர்.

எல்லையும் உண்டு. வீடுகளைத் தனித்தனியே காட்டும் நுண்படங்கள், 1999இல் ஏவப்பட்ட இக்கோனாஸ் போன்ற வணிகச் செயற்கைக்கோள்களோடுதான் தொடங்கின. அதற்கு முந்தைய லேண்ட்சாட் படங்களில் ஒரு புள்ளி முப்பது மீட்டரைக் குறிக்கும். லயவரிசை ஒன்று அதில் மங்கிய கறையாகக்கூடத் தெரிவது அரிது. எனவே 1980களிலும் 1990களிலும் இடிக்கப்பட்ட லயங்களை இணையத்தில் தேடிப் பயனில்லை. அவற்றுக்கு ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்னும் அளவில் வரைந்த பழைய நில அளவைத் தாள்களையும், அவற்றையும்விட அங்கு வாழ்ந்தோரின் நினைவையும் நாடவேண்டும். நில அளவைத் தாளில் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோ மலாய்ப் பெயரோ இருக்கும். மக்கள் தமக்குள் வழங்கிய தமிழ்ப் பெயர் எந்த வரைபடத்திலும் இராது. அப்பெயரை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

ஆகவே முதியோர் ஒருவரைத் திரைமுன் அமர்த்திப் படத்தை நகர்த்திக் கேட்பதை நாம் வழக்கமாகக் கொண்டோம். முதலில் அவர்களுக்கு எதுவும் புலப்படுவதில்லை. தாம் வாழ்ந்த நிலத்தை மேலிருந்து அவர்கள் கண்டதில்லை. ஆற்றுவளைவையோ இருப்புப்பாதையையோ காட்டினால் சற்றே பிடிபடும். விண்மீன் போல் ஓலைவிரித்து வரிசையாக நிற்கும் செம்பனைகளுக்கு நடுவே, வட்டமான அடர்முடியுடன் தனித்து நிற்கும் பெருமரம் ஒன்று கண்ணிற்பட்டால், அவர்கள் விரல் உடனே அங்குச் செல்லும். அது கோயிலடி அரசமரம். அங்கிருந்து தெற்கே கிணறு, கிழக்கே மேட்டு லயம், அதற்கப்பால் கிராணி வீடு என்று அவர்கள் சொல்லச் சொல்ல, நாம் ஒவ்வோரிடமாகக் குறித்துக்கொள்கிறோம்.