இரண்டாவது நாற்காலி

1972ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வாஷிங்டன் நகரத்துக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள ராஸ்லின் என்னும் இடத்தில், மோட்டார் வண்டிகளை நிறுத்துவதற்கென்று ஒரு கட்டடத்தின் அடியில் அமைந்திருந்த நிலவறையொன்றில், ஊர் உறங்கிய பின்னர் இருவர் சந்தித்துப் பேசினார்கள். ஒருவர் முப்பது வயது நிரம்பாத பத்திரிகை நிருபர், பாப் உட்வர்ட். மற்றவர் தலைநரைத்து ஐம்பத்தொன்பது வயதை எட்டிய மார்க் ஃபெல்ட். அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்தியப் புலனாய்வு ஸ்தாபனமாகிய எஃப்.பி.ஐ.யில் இரண்டாவது நாற்காலியில் அமர்ந்திருந்தவர்.

இடஹோ மாகாணத்தில் ட்வின் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் 1913இல் பிறந்த ஃபெல்ட், தலைநகரில் ஒரு செனட்டரின் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரவுப் பள்ளியில் சட்டம் பயின்றவர். சட்டம் படித்து முடித்தவருக்கு வர்த்தகக் கமிஷனில் கிடைத்த முதற்பணி, செஞ்சிலுவையின் பெயரைத் தாங்கி விற்பனையான கழிப்பறைக் காகிதம் ஒன்று, அந்தத் தருமஸ்தாபனத்தின் அங்கீகாரம் பெற்றதென்று ஜனங்களை நம்பவைக்கிறதா என்று ஆராய்வது! 1942 ஜனவரியில் அவர் அந்த உத்தியோகத்தை விட்டு எஃப்.பி.ஐ.க்குப் போனதில் ஆச்சரியமில்லை.

அவர் போய்ச் சேர்ந்த இடமோ ஜே. எட்கர் ஹூவர் என்ற ஒரே மனிதரின் சுபாவத்தையே சட்டமாகக் கொண்ட இடம். 1924 முதல் நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஹூவரே அதன் தலைவர். ஏஜெண்டுகளின் சட்டை நிறம் முதற்கொண்டு அவர் கண்ணுக்குத் தப்பாது. ஊர் ஊராக மாற்றிக்கொண்டேயிருப்பது அங்குள்ள சம்பிரதாயம். டெக்ஸஸிலும் சியாட்டிலிலும் நியூ ஆர்லியன்ஸிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் உழைத்து, சால்ட் லேக் சிட்டி, கான்ஸஸ் சிட்டி ஆகிய இரு கிளைகளுக்குத் தலைமை வகித்து, 1962இல் தலைமையகம் திரும்பிய ஃபெல்ட், பின்னர் கிளை அலுவலகங்களைத் தணிக்கை செய்யும் பிரிவுக்குத் தலைவரானார். மாமியார் சமையலறைக்குள் நுழைவதுபோல அந்தத் தணிக்கைக் கோஷ்டி கிளைகளுக்குள் நுழையும் என்று எண்ணிக்கொள்ளலாம். பிறர் குற்றத்தைக் கண்டுபிடிப்பவரைவிடத் தம்மவர் குற்றத்தைக் கண்டுபிடிப்பவரே ஒரு ஸ்தாபனத்தில் விரைந்து உயர்கிறார் என்பது என் அபிப்பிராயம். ஃபெல்ட் 1971இல் ஹூவருக்கு அடுத்த ஸ்தானத்தை நெருங்கிவிட்டார்.

1972 மே 2ஆம் தேதி ஹூவர் காலமானார். இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்களை விட்டுவிட்டு, வாசலோடு போனவரை அழைத்துப் பரிமாறிய கதையாக, ஜனாதிபதி நிக்ஸன் மறுநாளே பாட்ரிக் கிரே என்பவரைத் தற்காலிகத் தலைவராக்கினார். கிரே கடற்படையில் இருந்தவர், நிக்ஸனின் விசுவாசி. புலனாய்வுத் தொழிலில் அநுபவமில்லாதவர். ஃபெல்ட் இரண்டாவது நாற்காலிக்கு உயர்ந்தார், முதலாவது கிட்டவில்லை. ஏழு வாரங்களுக்குள், ஜூன் 17 விடியற்காலையில், வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சியின் அலுவலகத்துக்குள் புகுந்த ஐவர் பிடிபட்டார்கள். புலன் விசாரணை நிக்ஸனின் தேர்தல் கமிட்டியையும் அவரது மாளிகையையும் நோக்கி நகர நகர, அதனைத் தடுத்து நிறுத்துவதற்கு மேலிடத்தில் உபாயங்கள் தேடப்பட்டன. ஜூன் 23 அன்று பதிவான ஒலிநாடாவில், ஃபெல்ட் பதவி ஆசையுள்ளவர், ஆகையால் ஒத்துழைப்பார் என்று நிக்ஸனின் அந்தரங்க உதவியாளர் ஹால்டமன் கணக்குப் போடுகிறார். ஆசை இருந்தது என்பது வரையில் கணக்கு சரியாகத்தான் இருந்தது போலும்.

அக்டோபரில் அதே மாளிகைக்கு உண்மை எட்டிவிட்டது; விசாரணை விவரங்கள் பத்திரிகைக்குக் கசிந்ததற்குக் காரணம் ஃபெல்ட் என்று ஹால்டமன் நிக்ஸனிடம் சொன்னார். ஆனால் அவரைத் தொட்டால், தாம் அறிந்ததையெல்லாம் அவர் வெளியே கொட்டிவிடுவார் என்ற அச்சத்தால் சும்மா இருந்துவிட்டார்கள். கிரே தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஆவணங்களை அழித்தது வெளிப்பட்டு 1973 ஏப்ரலில் ராஜினாமாச் செய்தார். அப்பொழுதும் முதலாவது நாற்காலி வேறொருவருக்கே போயிற்று. ஜூன் மாதம் ஃபெல்ட் ஓய்வு பெற்றார்.

இந்த மனிதரைச் சத்தியசந்தரென்று கொண்டாடுகிறவர்களும் துரோகி என்று தூற்றுகிறவர்களும் சற்று நின்று யோசிக்கவேண்டிய இடம் இனித்தான் வருகிறது. நீதிமன்ற அநுமதியின்றி ஒருவர் வீட்டுக்குள் ரகசியமாகப் புகுந்து துழாவிவிட்டு வருவதை எஃப்.பி.ஐ.காரர்கள் ‘கறுப்புப் பை வேலை’ என்பார்கள். பூட்டுத் திறக்கும் கருவிகள் அந்தப் பையில் இருக்கும். ஹூவரே 1966இல் நிறுத்திவிட்ட அந்த வழக்கத்தை, வெடிகுண்டு வைத்துவிட்டுத் தலைமறைவான ‘வெதர் அண்டர்கிரவுண்ட்’ கூட்டத்தைத் தேடும் பொருட்டு, அவர்களுடைய உறவினர் நண்பர் வீடுகளில் நடத்த ஃபெல்ட் அநுமதியளித்தார். அதுவும் வாட்டர்கேட் திருட்டை அவர் நிலவறையில் விவரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில்! ஸ்தாபனம் பிறர் வீட்டுக்குள் புகலாம், ஸ்தாபனத்துக்குள் ஜனாதிபதியே ஆயினும் புகலாகாது என்பதுதான், முப்பத்தொரு ஆண்டு ஊழியத்தில் அவர் கற்ற தர்மமென்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிப் பார்த்தால் இரண்டு செய்கையும் ஒரே மனத்திலிருந்து பிறந்தவை.

1978இல் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1980 அக்டோபரில், அவருக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னவர், பதவியிழந்த நிக்ஸன்! தேசப் பாதுகாப்பின் பொருட்டு ரூஸ்வெல்ட் காலத்திலிருந்தே ஜனாதிபதிகள் இத்தகைய காரியங்களுக்கு அநுமதி தந்ததுண்டு என்று அவர் கூறினார். எனினும் ஃபெல்ட் குற்றவாளியாகி 5,000 டாலர் அபராதம் பெற்றார். 1981இல் ரீகன் மன்னிப்பு வழங்கியபோது, நிக்ஸன் ஒரு ஷாம்பேன் புட்டியை அனுப்பி மகிழ்ச்சி தெரிவித்தார்.

நிருபருக்குச் செய்தி தந்தவர் தாமல்லர் என்று 1979இல் வெளியான சுயசரிதையில் எழுதிய ஃபெல்ட், 2005 மே மாதத்தின் கடைசி நாளில், தம் வழக்கறிஞர் ஒரு சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் மூலம் அதனை ஒப்புக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது தொண்ணூற்றொன்று; ஞாபகம் மங்கிக்கொண்டிருந்தது. ஏன் செய்தீர் என்று குடைந்து கேட்கும் காலம் கடந்துவிட்டது. அன்று கலிஃபோர்னியாவில் சாண்டா ரோசா ஊரிலுள்ள அவர் வீட்டின் முன்னால் நிருபர்கள் கூட்டமாகத் திரண்டபோது, கதவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்த அந்த முதியவர், சிரித்த முகத்துடன் கையை அசைத்தார்.