எம். ஏ. சிதம்பரம் விளையாட்டரங்கம்

சென்னை சேப்பாக்கத்தில், மெரினா கடற்கரைக்கு அருகே அமைந்துள்ள பன்னாட்டுத் துடுப்பாட்ட அரங்கம். 1916-இல் நிறுவப்பட்ட இது, தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தலைமையிடம். முன்னாள் இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவர் எம். ஏ. சிதம்பரத்தின் பெயரைத் தாங்கியது.

வரலாறு: இங்கு முதல் டெஸ்ட் ஆட்டம் 1934-இல் நடந்தது. 1952-இல் இங்கிலாந்தை வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கேயே பெற்றது. 1986-இல் இந்தியா, ஆஸ்திரேலியா மோதிய டெஸ்ட் சமனில் முடிந்தது.

கட்டுமானம்: பழைய கான்கிரீட் கூரையைத் தாங்கிய தூண்கள் பார்வையாளருக்கு ஆடுகளத்தை மறைத்தன. 2009-இல் தொடங்கிய சீரமைப்பில் அக்கூரை அகற்றப்பட்டு, எஃகு வடங்களில் இழுத்துக் கட்டிய, ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வுக்கூரைகள் அமைக்கப்பட்டன. கடற்காற்று உள்ளே வரும்படி மாடங்களுக்கிடையே இடைவெளி விடப்பட்டது. வடிவமைப்பில் லண்டனின் ஹாப்கின்ஸ் நிறுவனம் பங்கேற்றது. 2011 உலகக் கோப்பைக்கு முன் ஐ, ஜே, கே எனும் மூன்று மாடங்கள் எழுந்தன. கட்டட அனுமதிச் சிக்கலால் இவை பல ஆண்டுகள் மூடிக்கிடந்து, பின்னர் திறக்கப்பட்டன.

செலவு: 2009–2011 சீரமைப்புக்குச் சுமார் 192 கோடி ரூபாயும், 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கலைஞர் மு. கருணாநிதி மாடம் உள்ளிட்ட பணிகளுக்குச் சுமார் 139 கோடி ரூபாயும் ஆயின. ஒப்பீட்டுக்கு, 1,32,000 இருக்கைகள் கொண்ட அகமதாபாத் அரங்கம் ஏறத்தாழ 800 கோடி ரூபாயில் முழுமையாகப் புதிதாகக் கட்டப்பட்டது.

சிறப்பு: நாட்டில் இன்றும் பயன்பாட்டிலுள்ள மிகப் பழைமையான துடுப்பாட்ட அரங்கங்களுள் இதுவும் ஒன்று. தற்போதைய கொள்ளளவு ஏறத்தாழ 38,000.