அக்கம்பக்கத்தார் சம்மதித்த பப்

கனடாவின் மேற்குக் கரையில் உள்ளது வான்கூவர் தீவு. அங்கே விக்டோரியா நகரில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது ஸ்பின்னேக்கர்ஸ். 1984 மே மாதம் திறந்த இந்த பப், தான் விற்கும் பியரைத் தன் கூரையின் கீழேயே காய்ச்சுகிறது.

அதற்கு முன் அந்த மாகாணத்தில் அப்படிச் செய்ய முடியாது. காய்ச்சும் இடமும் விற்கும் இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். 1982-இல் ஹார்ஸ்ஷூ பே என்ற ஊரில் ஜான் மிட்செலும் ஃபிராங்க் ஆப்பிள்டனும் சிறு ஆலை தொடங்கியபோது, பியரைச் சற்றுத் தள்ளியிருந்த ட்ரோலர் பப்புக்குக் கொண்டுபோய்த்தான் விற்றார்கள். பெரிய கம்பெனி பியரின் ஒரே ருசியில் சலித்தவர்கள் அங்கே வந்தார்கள்.

பிறகு மிட்செல், கட்டடக் கலைஞர் பால் ஹாட்ஃபீல்டு முதலியோருடன் சேர்ந்து ஸ்பின்னேக்கர்ஸைத் தொடங்கினார். அன்றைய விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் பப் வைக்கச் சுற்றுவட்டாரத்தில் வசிப்போரின் ஒப்புதல் வேண்டும். அது கிடைத்த பிறகே கதவு திறந்தது. இன்று அங்கே நிதானமாக உட்கார்ந்து சாப்பிட உணவகமும் உண்டு.

குடி நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. தெருவில் என்ன வரலாம் என்று தெருக்காரர்களை முன்கூட்டியே கேட்டார்களே, அதுதான் நம்மைப் போன்ற சங்கங்கள் கவனிக்க வேண்டியது.