பூஞ்சேரிக்குப் போகாத சுற்றுலா



ஃபேர்லேண்ட்ஸில் இன்று கூடியிருக்கும் நம்மில் பலர் கடலை முதன்முதலில் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில், மாமல்லபுரத்தில்தான். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, உருண்டு விழாத வெண்ணெய்ப் பாறை. மாலையில் சோழி மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். 1984இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஊர் அது. மகேந்திரன், மாமல்லன், ராசசிம்மன் என்று வழிகாட்டிகள் மன்னர் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். பாறையில் ஆப்புக்குழி வெட்டி, அதைப் பிளந்தவர்களின் பெயரை நாமும் கேட்டதில்லை.

பெயர்கள் இல்லாமல் இல்லை. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில், நொண்டி வீரப்பன் தொட்டி என்று ஊரார் சொல்லும் பாறையில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன் என வேலை செய்தவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இவர்கள் நம் முன்னோர் என்று உரிமை கொண்டாடுவதற்காக இதைச் சொல்லவில்லை. பல்லவர் காலத்துக் கைவினைஞர்களை இன்றைய சாதிப் பட்டியலில் அடைப்பது வரலாறு ஆகாது. உழைத்தவர் பெயர் இருக்கும் பாறை சுற்றுலா வரைபடத்துக்கு வெளியே கிடக்கிறது என்பதே நம் பேச்சு.

அதே பூஞ்சேரியில்தான் நரிக்குறவர்களும் இருளர்களும் வாழ்கிறார்கள். 2021 அக்டோபரில், மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தங்களை விரட்டியதாக ஒரு நரிக்குறவப் பெண் பேசிய காணொளியை நாடே பார்த்தது. பிறகு அறநிலையத் துறை அமைச்சர் அவரருகே அமர்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே போய்ப் பட்டா வழங்கினார். நல்லது. ஆனால் உலகம் வந்து பார்க்கும் ஊரில், அங்கேயே மணி மாலை விற்றுப் பிழைப்பவருக்குப் பந்தியில் இடம் கிடைக்க ஒரு காணொளி தேவைப்பட்டது.

பட்டா என்ற சொல்லுக்குச் செங்கல்பட்டு மண்ணில் பழைய கதை உண்டு. இரட்டைமலை சீனிவாசன் பிறந்த கோழியாளம் அந்தச் சீமையில்தான் இருக்கிறது. 1891இல் அங்கே கலெக்டராக இருந்த திரெமென்ஹீர், பறையர்கள் குடியிருக்கும் மனைகூடத் தங்களுடையதாக இல்லாத நிலையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதையொட்டி 1892இல் வந்த ஆணையால் பிறந்ததே பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்தான் கைமாற வேண்டும். விதி தெளிவாக இருந்தது, நிலம்தான் கைவிட்டுப் போயிற்று. கடற்கரைச் சாலையும் ஓய்வு விடுதிகளும் வந்து மண்ணின் விலை ஏறியபின் அதை மீட்பது இன்னும் கடினமாயிற்று.

காரணை மக்கள் பஞ்சமி நிலத்தை மீட்க இறங்கி அங்கே அம்பேத்கர் சிலையை நிறுத்தினார்கள். சிலை அகற்றப்பட்டது. நீதி கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் மாண்டார்கள்.

மாமல்லபுரத்தில் ஆண்டுதோறும் அரசு நாட்டிய விழா நடத்துகிறது. பரதத்தோடு கிராமியக் கலைகளுக்கும் அந்த மேடையில் இடம் உண்டு. பறை எந்த மேடையில் ஒலித்தாலும் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதே பறையைச் சாவுக்கு அடிக்க மறுத்தால் ஊரில் என்ன நடக்கும் என்பதை இந்த அவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அடிப்பவர் குடும்பத்தின் நிலம் எங்கே போயிற்று என்று அந்த மேடையில் எவரும் கேட்கப் போவதுமில்லை.

1892 ஆணை சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. சேலம் ஜில்லாவும் அதில் அடக்கம். அடுத்த முறை மாணவர்களை மாமல்லபுரம் அழைத்துப் போகும்போது பூஞ்சேரியில் அரை மணி நேரம் பஸ்ஸை நிறுத்துவோம். திரும்பி வந்ததும் அதே மாணவர்களோடு நம் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய், நம் கிராமங்களில் டி.சி. நிலம் என்று எழுதப்பட்ட சர்வே எண்கள் எவை, இன்று அவை யார் பெயரில் இருக்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம்.