மாருதப்புரவீகவல்லி

யாழ்ப்பாணத்தார் பெரும்பாலும் அறிந்த பெயர் மாருதப்புரவீகவல்லி. ஆயினும், அப்பெயரைத் தம் மகளுக்கு இட்டு அழைப்பார் மிக அரியர். மாருதப்பிரவீகவல்லி எனவும் இதனை எழுதுவர்.

மாருதம் என்பது காற்று. புரவி என்பது குதிரை. வல்லி என்பது கொடி. கொடிபோன்ற பெண்ணுக்கும் ஆகி வரும். காற்றெனக் கடுகும் புரவியின் சாயல் பெற்ற நங்கை என இதற்குப் பொருள் கொள்ளலாம். மகவு பிறந்ததும் அதன் குறையையே பெயராக இடுவது பெற்றோர் இயல்பன்று. ஆகவே, இப்பெயரின் பிறப்பிடத்தைக் கதையிலேயே தேடல் வேண்டும்.

ஒல்லாந்தர் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டில், மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை அக்கதையைக் கூறும். சோழ அரசிளங்குமரி ஒருத்தி குன்ம நோயாலும் குதிரை முகத்தாலும் வருந்தினாள். கடல் கடந்து கீரிமலையை அடைந்தாள். சுண்ணக்கற் பாறையூடே ஊறும் நன்னீர் கடலோரத்திலே கேணியாய்த் தேங்கும் இடம் அது. கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுல முனிவர் வாழ்ந்த தலமும் அதுவே என்பர். அங்கே நீராடி நலம்பெற்ற அரசகுமாரி, அயலிலே முருகனுக்குக் கோயில் எடுப்பித்தாள். மா, அதாவது குதிரைமுகம், விட்ட ஊர் மாவிட்டபுரம் ஆயிற்று. காங்கேயனாகிய முருகனின் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேயன்துறை ஆயிற்று.

மா என்னும் சொல் மாமரம், விலங்கு, பெருமை, திருமகள் எனப் பலபொருள் தருவது. அவற்றுள் குதிரை என்னும் பொருளையே கதை தெரிந்துகொண்டது. ஊர்ப்பெயரை விளக்கக் குதிரைமுகமும், குதிரைமுகத்தை நினைவுறுத்த அரசியின் பெயரும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. எனவே, இதனைப் பிறப்பிலே சூட்டிய பெயர் என்பதினும், வரலாறு சொன்னோர் அமைத்த பெயர் என்பதே பொருந்தும்.

அவ்வாறாயின் இப்பெயர் வெறும் புனைவோ எனின், அன்று. ஒரு மக்கட் கூட்டம் தன் கோயிலின் தோற்றத்தை எவ்வாறு எண்ணிப் பார்த்தது என்பதற்கு இது சான்று. முகக்குறையோடு அயலிலிருந்து வந்த ஒருத்திக்கு இம்மண் நலம் தந்தது என்பதே அவ்வெண்ணம். அதே மாவிட்டபுரத்தின் வாயிலிலே, 1968ஆம் ஆண்டில், ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் வேண்டிச் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. அன்று உள்ளே செல்ல விடாது தடுக்கப்பட்டோர், அக்கோயிலைக் கட்டியவளாகக் கதை கூறும் நங்கையின் பெயரை ஒருமுறை பொருளுணர்ந்து சொல்லியிருப்பின், அதுவே அவர்தம் வழக்குக்குப் போதிய சான்றாய் அமைந்திருக்கும்.