அமீர்பேட் வளையும் தார்வாட் எலியும்

ஹைதராபாத் அமீர்பேட்டில் மைத்ரிவனத்துக்குப் பின்னால் உள்ள சந்துகளில் நடைபாதைக் கல் உள்வாங்கிக் கிடந்தால், நான் முதலில் சுவரோரம் மண்ணைத்தான் பார்ப்பேன். ஹாஸ்டல் சமையல்கட்டின் கழிவுநீர்க் குழாயை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குப் புதுமண் குவிந்திருக்கும். வளையின் வாயை உள்ளிருந்தே உதிரிமண் தள்ளி அடைத்திருக்கும். வீட்டெலி இப்படிச் செய்யாது. அது பரணிலும் கூரையிலும் ஏறித் திரிவது. இது சின்னப் பெருச்சாளி. எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் வரப்பெலி என்போம். இங்குள்ள வாட்ச்மேன்கள், பெரிதோ சிறிதோ, எல்லாவற்றையும் பந்திக்கொக்கு என்றே சொல்கிறார்கள்.

விலங்கியல் பாடம் நடத்தியே காலம் கழித்தவள் நான். இந்த எலிக்கு எந்த வகுப்பில் இடம் என்பதை முடிவுசெய்ய அறிஞர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1830களில் கிரேயும் ஹார்ட்விக்கும் வங்காளத்து எலிக்குப் பெயரிட்டபோது, அதை ஆர்விகோலா என்ற பேரினத்தில், ஐரோப்பிய வயல் எலிகளோடு வைத்தார்கள். 1837இல் தென்னிந்திய எலிக்கு மஸ் கோக் என்று கிரே வேறொரு பெயர் தந்தார். 1907இல் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் இதற்கென்றே குனோமிஸ் என்ற பேரினத்தை உண்டாக்கினார். இன்றைய பெயர் பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ். வங்காளத்துக்கும் தெற்குக்கும் இனம் ஒன்றே. தீபகற்பத்தில் இருப்பது கோக் என்ற துணையினம், இலங்கையில் கிராசிலிஸ்.

அருங்காட்சியகத்தில் மண்டையோட்டையும் தோலையும் வைத்துக்கொண்டு நடந்த வேலை இது. உயிருள்ள எலியின் வாழ்க்கையை எழுதியவர் தார்வாட் பகுதியில் பணியாற்றிய வால்டர் எலியட். தென் மராட்டியப் பகுதியின் பாலூட்டிகளைப் பற்றி 1839இல் அவர் வெளியிட்ட பட்டியலில் இந்த எலிக்கு பிராவிடென்ஸ் என்று பெயரிட்டார். வருங்காலத்துக்குச் சேர்த்துவைப்பது என்று பொருள். கன்னடத்தில் கோக், ஏனாதிப் பழங்குடியினரின் தெலுங்கில் கோலத்தகொக்கு என்று ஊர்ப்பெயர்களையும் குறித்தார். வளையைத் தோண்டி எலியைப் பிடித்து உண்ணும் ஒட்டர்கள், அதற்குள் இருக்கும் தானியக் களஞ்சியத்தையும் எடுத்துக்கொள்வதை எழுதிவைத்தார். ஏரி வெட்டும் அந்த மக்களுக்கு வளை எங்கே திரும்பும், அறை எங்கே இருக்கும் என்பது கைப்பழக்கம். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களிடமும் தஞ்சாவூரில் எலிக்குக் கிட்டிப்பொறி வைப்பவர்களிடமும் அதே அறிவு உண்டு. அறிவியல் பெயர்களுக்குப் பின்னால் கிரே, ஹார்ட்விக் என்று எழுதுகிறோம். ஒட்டர் பெயர் எங்கும் இல்லை. இது சரிசெய்யப்பட வேண்டிய கணக்கு.

வட அமெரிக்காவில் மண்ணுக்கடியில் இப்படி வளை தோண்டி உணவைச் சேர்த்துவைப்பது கோஃபர். கன்னத்தின் வெளிப்புறத்தில் ரோமம் படர்ந்த பைகள் அதற்கு உண்டு. உணவை அவற்றில் அடைத்துக்கொண்டு போகும். நம் எலிக்குப் பை இல்லை, கதிரை வாயிலேயே கவ்விக்கொண்டு போகிறது. ஆனாலும் பரவலில் இளைத்ததல்ல: பாகிஸ்தானிலிருந்து இந்தியா, நேபாளம், வங்கதேசம், மியான்மர், இலங்கை வரை இதன் நாடு. கப்பலேறிப் பினாங்கு வரை போயிருக்கிறது. வயலோடும் நிற்கவில்லை. 1960களில் கல்கத்தாவின் தானியக் கிடங்குகளை ஆராய்ந்த ஸ்பில்லெட், அங்கே பிடிபட்ட எலிகளில் மிகப் பெரும்பாலானவை இதுவே என்று கண்டார். பாய்கா பிரபுக்களின் ஜாகிராக இருந்த அமீர்பேட், கோச்சிங் சென்டர்களும் மெஸ்களும் நிறைந்த பேட்டையாகிவிட்டது. இரவில் வெளியே கொட்டும் சோறு இந்த எலிக்கு அறுவடை போலத்தான்.

எந்த இனம் என்று தெரியாமல் நஞ்சு வைப்பதை நிறுத்தவேண்டும். பரணில் வைக்கும் மருந்தால் மண்ணுக்கடியில் இருக்கும் எலிக்கு ஒன்றும் ஆகாது. நஞ்சுண்ட எலியைத் தின்னும் கூகைதான் சாகும். இதே ஊரின் ராஜேந்திரநகரில் எலி மேலாண்மைக்குப் பயிற்சி தரும் தேசிய நிறுவனமே இருக்கிறது. குடியிருப்போர் சங்கங்கள் அங்கே கேட்கலாம். அதற்கு முன், இன்று மாலையே உங்கள் தெருவில் உள்ள வளைகளை மண்ணால் மூடிவிடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ, அதில்தான் எலி இருக்கிறது. அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள்.